இரணைமடுவில் கேட்கத் தவறிய கேள்வி

கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் சில நாள்களுக்கு முன்னர் மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருந்தார். வடமராட்சியைப் பிறப்பிடமாகக் கொண்டவர். நீண்ட காலத்தின் பின்னர் ஊருக்குச் சென்று திரும்பியிருக்கின்றார். தாளையடியில் அமைக்கப்பட்டுள்ள, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைக் கண்டவருக்கு வியப்போடு கோபமும் வந்திருக்கின்றது. அங்கிருந்து நாற்பது கிலோ மீற்றருக்கும் குறைவான தொலைவில் இரணைமடுக் குளம் இருக்கின்றது. நல்ல மாரியில் அது நிறைந்து வான் பாய்கின்றது. அந்த நன்னீர் ஆனையிறவுக் கடனீரேரியிற் கலந்து உப்பாகின்றது. அவ்வாறிருக்க, கடலிலிருந்து உப்பைப் பிரிப்பதற்குப் பெருந்தொகைப் பணத்தைக் கொட்டியது என்ன புத்தி என்பது அவரது கேள்வி. விடையையும் அவரே எழுதியிருந்தார்: கிளிநொச்சி விவசாயிகளின் சுயநலம்.

வாசகர் மீது எனக்குக் குறையில்லை. இப்பிரச்சினை பத்திரிகைகளில் சூடு பிடித்திருந்த காலத்தில் நானும் ஏறத்தாழ இதே தொனியில் எழுதியவன். யாழ்ப்பாணத்தின் தாகம், கிளிநொச்சியின் பிடிவாதம் என்று இரண்டு கட்சிகளை எதிரெதிரே நிறுத்திவிட்டால் செய்தி எழுதுவது எளிது. தலைப்பும் தானாக வந்து விழும். வன்னி மண்ணில் நின்று இந்த விடயத்தைப் பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. ஆகவே அந்த வாசகருக்கு எழுத வேண்டிய மறுமொழியைச் சற்று விரிவாக இங்கே எழுதுகின்றேன்.

முதலில் குளத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். கனகராயன் ஆற்றை மறித்து ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது இரணைமடு. 1902இல் வேலை தொடங்கி 1920களின் தொடக்கத்திலேயே நிறைவெய்தியது. பின்னர் பல தடவை அணை உயர்த்தப்பட்டது. காடு வெட்டிக் குடியேறியவர்கள் குளத்தின் கீழ் வயல் செய்தார்கள். வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை, பன்னங்கண்டி, பரந்தன், உருத்திரபுரம் என்று விரிந்து கிடக்கும் அந்த வயல்வெளி ஏறத்தாழ 21,000 ஏக்கர். காலபோகத்தில், அதாவது மாரி மழையை நம்பிச் செய்யும் பெரும்போகத்தில், அத்தனை வயலும் விதைக்கப்படும். சிறுபோகத்தில் குளத்தில் எஞ்சிய நீருக்கு ஏற்பத்தான் விதைப்பு. சில ஆண்டுகளில் பாதி, சில ஆண்டுகளில் அதற்கும் குறைவு.

யாழ்ப்பாணத்தின் தாகமும் பொய்யன்று. ஆறில்லாத குடாநாடு. சுண்ணக்கல்லின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கிணறு தோண்டி இறைத்து வாழ்ந்த மக்கள். தோட்டங்களிலிட்ட செயற்கை உரமும், கண்ட கண்ட இடங்களில் அமைந்த மலக்குழிகளும் அந்நீரில் நைத்திரேற்றைக் கலந்தன. கரையோரக் கிணறுகள் உவர்ந்தன. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் நட்டஈடு செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. குழாய்நீர் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் கேட்டதில் தவறேதுமில்லை.

இந்தப் பின்னணியிற்றான் 2010இல் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 90 மில்லியன் டொலர் கடன் வழங்க இணங்கியது. பிரான்சின் அபிவிருத்தி முகவர் நிலையமும் பங்கெடுத்தது. இரணைமடுவின் அணையை இரண்டடி உயர்த்துவது, அதனால் மேலதிகமாகத் தேங்கும் நீரிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 27,000 கன மீற்றரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் அனுப்புவது என்பது திட்டத்தின் சாரம். தாளில் பார்த்தால் எவருக்கும் நட்டமில்லை. விவசாயிக்கு உள்ளது உள்ளபடியே இருக்கும். உயர்த்திய இரண்டடி மட்டுமே நகரத்துக்குப் போகும்.

இந்தக் கணக்கைச் சிறிது போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 ஏக்கர் அடி. அணை உயர்த்தப்பட்டபின் 36 அடி நிறையும் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடி. பதினைந்தில் ஒரு பங்கு. இதற்கா இவ்வளவு கூச்சல் என்று பொறியியலாளர்கள் கேட்டதை நானே என் காதால் கேட்டிருக்கின்றேன். ஆனால் அந்தப் பங்கு நிறைந்த குளத்திலிருந்து எடுக்கும் பங்கு. வயலுக்கு நீர் விடுவதைக் காலம் பார்த்து நிறுத்தலாம். நகரத்தின் குழாயை நிறுத்த முடியாது. வரட்சி ஆண்டிலும் அதே 27,000 கன மீற்றர் போயாக வேண்டும். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலடி நீர் வேண்டுமென்று வைத்துக்கொண்டால், 8,000 ஏக்கர் அடி என்பது 2,000 ஏக்கர் விதைப்பு. மழை பொய்த்த ஆண்டில் எந்த 2,000 ஏக்கர், எவருடைய வயல் என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையில் விடையில்லை. விவசாயி கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். 2016, 2017ஆம் ஆண்டுகளின் கொடிய வரட்சியை நினைவிற் கொண்டால் அது கற்பனைக் கேள்வி அன்று என்பது விளங்கும்.

திட்டம் தீட்டப்பட்ட காலத்தையும் இங்கே நோக்க வேண்டும். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்துவிட்டனர். முள்ளிவாய்க்காலுக்குப் பின்னர் உயிர் தப்பியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். மீள்குடியேற்றம் 2009இன் பிற்பகுதியில் சிறுகச் சிறுகத் தொடங்கியது. மெனிக் பாம் இறுதியாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அதாவது, இத்திட்டத்தின் சுற்றாடல், சமூகப் பாதிப்புகள் ஆராயப்பட்டு ஆவணங்கள் தயாரிக்கப்பட்ட வேளையில், அந்தக் குளத்தின் கீழ் பயிர் செய்தவர்களில் ஒரு சாரார் முகாமில் இருந்தனர். இன்னொரு சாரார் கூரையற்ற சுவர்களின் மேல் தறப்பாளைக் கட்டிக்கொண்டு, காணாமற் போனவர்களைத் தேடிக்கொண்டிருந்தனர். இராணுவச் சோதனைச் சாவடியைக் கடந்து கூட்டத்துக்கு வந்து, அரசாங்கத்தின் திட்டத்துக்கு மாறாக வாய் திறக்க எவருக்குத் துணிவு வந்திருக்கும்? 'மக்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது' என்று ஒரு வரியை எழுதிவிடலாம். அந்த ஆண்டில் அந்த ஊரில் அவ்வரிக்கு எவ்வளவு பெறுமதி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பன்னாட்டு வங்கிகளின் பாதுகாப்புக் கொள்கைகளை வாசிப்பது சலிப்பூட்டும் வேலை. ஆனாலும் ஒரு முறை வாசித்துவிட்டால் பல விடயங்கள் வெளிச்சமாகும். ஆசிய அபிவிருத்தி வங்கி 2009இல் வெளியிட்ட கொள்கை மூன்று தலைப்புகளைக் கொண்டது: சுற்றாடல், விருப்பத்துக்கு மாறான இடப்பெயர்வு, பழங்குடி மக்கள். இரண்டாவது தலைப்பு அடிப்படையில் நிலத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. காணி சுவீகரிக்கப்பட்டால், வீடோ வருமானமோ அதனால் இழக்கப்பட்டால், 'பாதிக்கப்படுவோர்' பட்டியலில் பெயர் வரும், இழப்பீடு வரும். உங்கள் காணி உங்களிடமே இருக்கின்றது, வாய்க்காலில் வரும் நீர் மட்டும் பத்து ஆண்டுகளில் மூன்று ஆண்டு குறையக்கூடும் என்றால் அந்தப் பட்டியலில் உங்களுக்கு இலகுவில் இடமில்லை. குழாய் புதைக்கும் தெருவோரத்தில் வேலி பிடுங்கப்படுபவர் பாதிக்கப்பட்டவராவார். சிறுபோகம் இழக்கக்கூடிய கமக்காரன் வெறும் 'அக்கறையுள்ள தரப்பு'.

மூன்றாவது தலைப்பு இன்னும் சுவையானது. பழங்குடி மக்கள் வழிவழியாக ஆண்டு வரும் நிலத்திலிருந்து அவர்களைப் பெயர்ப்பதானாலும், அங்குள்ள இயற்கை வளத்தை வணிக நோக்கில் எடுப்பதானாலும் அவர்களது சம்மதத்தைப் பெற வேண்டும் என்று அது கூறுகின்றது. ஏனையோருக்குக் கலந்தாலோசனை போதும். சம்மதத்துக்கும் கலந்தாலோசனைக்கும் உள்ள தூரத்தை நான் விளக்கத் தேவையில்லை. வன்னியில் ஒரு திட்டம் வரும்போது 'பழங்குடியினர் உளரா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப்படும். எழுதுபவரைக் குறை கூறவும் முடியாது. இன்றைய வன்னியில் தம்மை வேடர் என்று கூறிக்கொள்ளும் கிராமம் எதனையும் நான் கண்டதில்லை. தமிழ் பேசும் வேடர்களைக் காண வேண்டுமானால் வாகரைக்கோ மூதூருக்கோ போக வேண்டும். ஆயினும் ஒரு வேடிக்கை. தம்பானை வேடர்கள் தம்மை 'வன்னியல அத்தோ' என்றே அழைத்துக்கொள்கின்றனர். காட்டு மக்கள் என்று பொருள். வன்னி என்ற சொல்லின் வேர் பற்றி அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை; அந்த விவாதத்துக்குள் நான் புகப் போவதில்லை.

'ஆம்' என்று எழுதப்பட்டிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அந்த வன்னியல அத்தோ மக்களே சாட்சி. கல்லோயாத் திட்டம் கிழக்கில் அவர்களது வேட்டைக் காடுகளை நீரில் அமிழ்த்தியது. 1983இல் துரித மகாவலித் திட்டத்தின் பக்கவிளைவாக மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, அவர்களது காடு ஒரே நாளில் அவர்களுக்கே தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. பெரும்பாலானோர் ஹெனானிகலைக்குப் பெயர்க்கப்பட்டனர். காணியும் வாய்க்கால் நீரும் கொடுத்து நெல் விதைக்கச் சொன்னார்கள். முதுபெருந் தலைவர் திசாஹாமி சில குடும்பங்களோடு தம்பானையிலேயே தங்கிவிட்டார். அவரது மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா வரை சென்று ஐக்கிய நாடுகளின் அவையில் முறையிட்டார். 2020இல் பொல்லேபெத்தை, ரம்பக்கன் ஓயாப் பகுதிக் காட்டைச் சோளச் செய்கைக்காக அழிப்பதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேற வேண்டியவரும் அவரே. பழங்குடிகளின் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்திருந்தது. அந்த உரிமையை உறுதிசெய்யும் சட்டம் ஒன்று உள்நாட்டில் இன்றளவும் இல்லை.

எனவே வன்னி விவசாயியைப் பழங்குடி என்று பதிவு செய்யுங்கள் என்று நான் வாதாட வரவில்லை. அது வரலாற்றுக்கும் பொருந்தாது. இரணைமடுவின் கீழ் இருப்போரில் பெரும் பகுதியினர் கடந்த நூற்றாண்டில் வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே. நான் கேட்பது சம்மதம் என்ற சொல்லை மட்டும். அதைப் பெறுவதற்குரிய அவையொன்று அங்கே ஏற்கனவே இருந்தது. அதைத் தேடி எந்த ஆலோசகரும் விமானமேறி வந்திருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் அரசாங்க அதிபரின் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகின்றது. நீர்ப்பாசனத் திணைக்களத்தார் குளத்தில் எத்தனை அடி நீர் இருக்கின்றது என்று சொல்வார்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எத்தனை மாத நெல்லினம், முதல் நீர் எந்நாள், கடைசி நீர் எந்நாள், கால்நடைகளை எந்நாளிலிருந்து கட்டி வளர்ப்பது என்று அனைத்தும் அங்கே பேசித் தீர்மானிக்கப்படும். சண்டையும் வரும். வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்கும் கடைக்கோடியில் இருப்பவருக்கும் எக்காலமும் பகைதான். இருந்தும் எடுக்கப்பட்ட தீர்மானம் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எல்லோரையும் கட்டுப்படுத்தும். நீர் குறைந்த சிறுபோகத்தில் ஒரு பகுதி வயலில் மட்டும் விதைத்து, அந்த நிலத்தையே எல்லோரும் பங்காகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. தன் வயல் தரிசாகக் கிடக்க, பிறருடைய வயலில் தன் பங்கை விதைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பொருளாதார நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதும் இடர்ப்பகிர்வு என்பதை வன்னியில் ஒரு பிற்பகலில், ஒரு மண்டபத்தில், கூச்சலோடு முடித்துவிடுகின்றார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு நீர் கொடுக்கும் திட்டம் இந்த அவைக்கு முறையாகக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். அதுவும் முடிவெடுத்த பின்னர் விளக்கமளிப்பதற்காக அன்று, முடிவெடுப்பதற்காக. குளத்தில் இத்தனை அடிக்கு மேல் நீர் இருந்தால் யாழ்ப்பாணத்துக்கு இவ்வளவு, இத்தனை அடிக்குக் கீழே போனால் குழாய் நிறுத்தப்படும், அல்லது நிறுத்தாமல் சிறுபோகம் கைவிட்டவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு பணம் நகரத்தார் கட்டும் நீர்க் கட்டணத்திலிருந்து கொடுக்கப்படும் என்று எழுத்தில் ஓர் உடன்படிக்கை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கும் தனக்கும் இடையே பங்கு பிரிக்கத் தெரியாதவனல்லன் கிளிநொச்சிக் கமக்காரன். ஆண்டாண்டாக அவன் செய்து வருவது அதைத்தான். அவனிடம் கேட்கவில்லை; அறிவித்தார்கள். அறிவிக்கப்பட்டதை அவன் எதிர்த்தான். உடனே அவனுக்குச் சுயநலக்காரன் என்ற பட்டத்தை நாங்கள் பத்திரிகைக்காரர்கள் சூட்டினோம்.

கிராம அவையிடம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. ஒடிசாவின் நியமகிரி மலையில் பொக்சைற் அகழும் திட்டம் தொடர்பாக 2013 ஏப்ரலில் இந்திய உயர் நீதிமன்றம், அதாவது அங்கே உச்ச நீதிமன்றம் என்பது, கிராம சபைகளே கூடித் தமது உரிமைகள் பற்றித் தீர்மானிக்கட்டும் என்றது. டொங்ரியா கோண்ட் மக்கள் வாழும் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கே இருந்தபடியால் அது இயன்றது. அது சுரங்கம், இது குடிநீர். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். குடிநீருக்கு வேண்டாம் என்று சொல்வது கடினம் என்பதனாலேயே, கேட்டிருந்தால் ஓர் உடன்பாடு வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நான் இவ்வளவு உயர்த்திப் பேசிவிட்டு ஓர் உண்மையை மறைத்தல் நேர்மையாகாது. அந்த மண்டபத்தில் காணி உறுதியோ அனுமதிப் பத்திரமோ உள்ளவரின் குரல்தான் எடுபடும். கிளிநொச்சி வயல்களில் நாற்று நடுபவரும், களை பிடுங்குபவரும், அரிவி வெட்டியவரும் பெரும்பாலும் வேறு மக்கள். 1958, 1977, 1983 வன்செயல்களின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து ஏதிலிகளாக வந்து காடு வெட்டியவர்களின் பிள்ளைகள். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று அவர்கள் ஊர்களுக்கு அழகான பெயர்கள் உண்டு. குளத்தின் பங்கு மட்டும் இல்லை. பன்னங்கண்டியில் பல்லாண்டுகள் குடியிருந்தும் காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் 2017இல் தெருவில் இறங்கிப் போராடின. வாய்க்கால் அருகே குடியிருந்தும் நீரில் உரித்தில்லாத நிலை. சிறுபோகம் 2,000 ஏக்கர் குறைந்தால் காணிக்காரர் ஒரு போக வருமானத்தை இழப்பார். கூலிக்காரர் அந்த மாதங்களின் உணவையே இழப்பார். அவருடைய பெயர் வங்கியின் பட்டியலிலும் இல்லை, அரசாங்க அதிபரின் கூட்டத்திலும் இல்லை. யாழ்ப்பாணம் கிளிநொச்சியை நடத்திய விதத்தைப் பற்றிப் பேசும்போது, கிளிநொச்சி தன்னுள்ளேயே எவரை எப்படி நடத்துகின்றது என்பதையும் பேசத்தான் வேண்டும். இதை எழுதுவதால் வட்டக்கச்சி நண்பர்கள் சிலர் என்னுடன் சில காலம் பேச மாட்டார்கள்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2013 செப்ரெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபை, குளத்தைப் புனரமைத்து முதலில் விவசாயிகளின் தேவையை உறுதிப்படுத்துக, யாழ்ப்பாணத்துக்கு மாற்று வழி காண்க என்ற நிலைப்பாட்டுக்கு வந்தது. மாற்று வழி கடலாயிற்று. விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடனுதவியுடன் இரணைமடு அணை உயர்த்தப்பட்டு, 2018 டிசெம்பர் முற்பகுதியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்து வைத்தார். மூன்று வாரம் கழியவில்லை. அதே மாதம் 21, 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. பல்லாயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். வான்கதவுகளைத் திறப்பதில் தாமதம் நேர்ந்ததா என்ற கேள்வி எழுந்து விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. ஒரு குளத்தின் கொள்ளளவை உயர்த்தினால் அதன் கீழிருப்போரின் அபாயமும் உயரும். நீரைப் பகிர்வது பற்றி ஆண்டுக்கணக்காக வாதாடிய எவரும், நான் உட்பட, வெள்ளத்தைப் பகிர்வது பற்றி ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவால் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் என்பது அதன் கொள்திறன். கனடா வாசகர் கண்டு வியந்தது இதனைத்தான். கடலில் நீருக்குப் பஞ்சமில்லை என்பதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று கருதுவோர் மின்சாரப் பட்டியலைப் பார்க்க வேண்டும். இவ்வகை நிலையங்களில் ஒரு கன மீற்றர் நீருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவைப்படும். முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு எண்பதினாயிரம் அலகளவில் செலவாகும். மேலும், உள்ளிழுக்கும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே நன்னீராகும். எஞ்சியது ஏறத்தாழ இருமடங்கு உப்போடு மீண்டும் கடலுக்குள் விடப்படும். அந்தக் கடலில் கரைவலை இழுப்பவர்கள் வடமராட்சி கிழக்கு மீனவர்கள். சுனாமியிலும் போரிலும் அடிபட்டுக் கரை திரும்பியவர்கள். மருதங்கேணிக் கரையில் இந்த நிலையம் அமைக்கப்படப் போகின்றது என்று அறிந்தபோது அவர்களும் எதிர்த்தார்கள். கமக்காரரின் எதிர்ப்புக்குக் கிடைத்த பத்திரிகை இடத்தில் கால்வாசியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கமக்காரருக்கு அமைப்புகள் உண்டு, பாராளுமன்ற உறுப்பினர்கள் உண்டு. ஒரு திட்டத்தின் சுமை, எதிர்க்கும் வலுவுள்ளவர்களிடமிருந்து வலுக் குறைந்தவர்களிடம் நகர்ந்து சென்று அமர்ந்தது. அதற்குப் பெயர் மாற்றுத் தீர்வு.

உப்புநீர் வெளியேறும் இடத்தைச் சுற்றிக் கடலின் உவர்ப்பும் மீன்பாடும் எவ்வாறு மாறுகின்றன என்பதைத் திங்கள்தோறும் அளந்து, அந்த அளவைத் தமிழில் எழுதி மீனவர் சங்கக் கட்டிடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும். இரணைமடுவில் எத்தனை அடி நீர் இருக்கின்றது என்பது கமக்காரனுக்குத் தெரிவதுபோல, இது மீனவனுக்குத் தெரிய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. மின்சாரச் செலவில் இது தூசு.

வன்னியில் நீர்த் திட்டம் என்றதும் மக்கள் ஏன் முதலில் சந்தேகிக்கின்றார்கள் என்று வெளியிலிருப்போர் வியப்பதுண்டு. மகாவலி 'எல்' வலயம் என்ற பெயரை முல்லைத்தீவில் எவரிடமும் சொல்லிப் பாருங்கள். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வீடுவாசலை விட்டுத் துரத்தப்பட்டனர். 1988இல் மணலாறு வெலிஓயாவாகி, மகாவலி வலயமாக வர்த்தமானியில் வெளிவந்தது. குடியேற்றம் வந்தது, எல்லை மாறியது. மகாவலி நீர் இன்றுவரை வந்து சேரவில்லை. அந்த அனுபவம் உள்ள மக்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையோடு போய் நின்றால் அவர்கள் எதைப் படிப்பார்கள்?

ஆசிய அபிவிருத்தி வங்கி 2024 நவம்பரில் தன் பாதுகாப்புக் கொள்கையை மாற்றி, சுற்றாடல் சமூகக் கட்டமைப்பு என்ற புதியதொன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றது. பழையதைவிட விரிவானது என்கின்றார்கள். நல்லது. ஆனால் வன்னியில் வரவிருக்கும் திட்டங்கள் எல்லாம் வங்கிக் கடனில் வருவன அல்ல. வவுனியா வடக்கில் மகாவலி அதிகார சபையின் கிவுல் ஓயா நீர்த்தேக்கத் திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர். தங்கள் பழைய சிறு குளங்களும் வயல்களும் புதிய நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துவிடும் என்பது அவர்களது அச்சம். நெடுங்கேணிப் பக்கத்துச் சிறு குளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமக்காரர் அமைப்பு இருக்கின்றது. கூட்டப் பதிவேடு இருக்கின்றது. அந்தப் பதிவேடுகளில் இத்திட்டம் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று அங்குள்ள இளம் நிருபர்கள் எவரேனும் ஒரு தடவை போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். நாங்கள் இரணைமடுவில் அதைச் செய்யவில்லை.